மூன்றாம் தட்டு

ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். என் போன் நம்பரை நீ அடைத்துவைத்து இரண்டு வருஷம் ஆகிறது. கடிதத்தை அப்படி அடைக்க முடியாது. கிழிப்பதென்றாலும் கையில் வாங்கித்தானே ஆக வேண்டும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கடல் தாண்டி வந்து நான் இருப்பது ரொட்டி ஆலை என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். மாவு சலிக்கும் பிரிவு. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்கும். கோதுமையே ஆகாத அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்துவிட்டு, நான் கோதுமையில் குளித்துச் சம்பாதிக்கிறேன். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய நொறுக்குத்தீனித் தொழிற்சாலை மேலாளர் போன வாரம் போனில் பேசினார். என் சிப்ஸுக்காக வாங்கிய, மாவு தேய்க்கும் உருளை இயந்திரம் இத்தனை நாளும் பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறதாம். மே முப்பத்தொன்றாம் தேதி பழைய இரும்புக்காரர் வந்து அறுத்து எடுத்துக்கொண்டு போகப்போகிறார். அதற்குள் ஒரே ஒரு வழி இருக்கிறது என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு என் சிப்ஸை ருசி பார்த்து நீ எழுதிய ருசித் தாளின் கடைசி வரி, ‘உடம்புக்கு ஏற்கவில்லை’ என்பது. அதற்கு அந்த சிப்ஸ் காரணமில்லை என்று நீயே எழுதிக் கொடுத்தால் இயந்திரத்தை மறுபடி ஓட்டுவாராம், என்னையும் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்வாராம். இல்லையென்றால் இங்கே ஜூனில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் மூன்று வருஷம். நடுவில் ஊருக்கு விடமாட்டார்கள்.

உருளைக்கிழங்கு, அரிசி, மக்காச்சோளம், இந்த மூன்றை விட்டால் எனக்குக் கடையில் நாதியில்லை என்று நீதான் புலம்பினாய். அதற்காகத்தான் சேப்பங்கிழங்கையும் பட்டாணி மாவையும் வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினேன். கோதுமையில் இருக்கிற, உனக்கு ஆகாத அந்தக் குளூட்டன் துளியும் இல்லை என்று லேப் காகிதம் சொன்னது. உன் வயிறு வேறு சொன்னது. முதலாளி உன் வயிற்றை நம்பினார்.

என் வீட்டுக்காரி இன்னும் அங்கேதான் பாக்கெட் கட்டும் பிரிவில் நிற்கிறாள். போன் பேசும்போதெல்லாம், “வந்துடுவீங்கதானே?” என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று உன்னிடம் கேட்கிறேன்.

ஒரு வரி போதும்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா இல்லை. உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறிய மாதிரியே இருப்பதைப் பார்த்ததும் பிரித்துவிட்டேன்.

நலமா என்று எழுதி ஏன் அடித்தாய்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நலமில்லை. எடை நாற்பத்து மூன்று கிலோ. போன வருஷத்து ரவிக்கைகளையெல்லாம் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்து இரண்டு விரல் பிடித்துத் தைத்து வாங்கினேன். ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை. இருபத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் ருசி பார்த்து, நாக்கை வைத்துப் பிழைத்தவள் இப்போது அடுத்தவர் வாய்க்குக் காவல் நிற்கிறேன். வாயை விட்டு எனக்கு விமோசனமே கிடையாது போல.

உன் சிப்ஸ் போன பிறகு நான் என்ன தின்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டாமா? ‘குளூட்டன் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டு எது வந்தாலும் வாங்கிவிடுகிறேன். அரிசி வில்லை: அட்டைப்பெட்டியைச் சுட்டு உப்புத் தூவியது. மக்காச்சோள முக்கோணம்: முதல் கடியில் சத்தம், இரண்டாவது கடியில் ஆளைக் காணோம். பருப்பில் பொரித்தது ஒன்று: வாயில் போட்டதும் கரைந்துபோகிறது, சாப்பிட்டோமா இல்லையா என்று நாமே சந்தேகப்பட வேண்டும். பீட்ரூட் சீவல்: நிறம் மட்டும் மணப்பெண் மாதிரி. மரவள்ளி பரவாயில்லை, ஆனால் பழைய எண்ணெயில் போட்டுத் தொண்டையைக் கமற வைத்துவிட்டார்கள். கடற்பாசியில் ஒன்று வந்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன், உனக்கு அருவருப்பாக இருக்கும். காளானில் ஒன்று. உருளைக்கிழங்கு இருக்கவே இருக்கிறது. தினம் அதையே பார்த்தால் அதற்கும் எனக்கும் நடுவில் இனிப் பேச ஒன்றுமில்லை என்றாகிவிட்டது.

வேலை செய்யும் இடத்தில் நாலு மணிக்கு நர்ஸுகள் ஒரு பாக்கெட்டைப் பிரித்து நடுவில் வைப்பார்கள். ஆளாளுக்குக் கையை விட்டு எடுப்பார்கள். எனக்கும் நீட்டுவார்கள், பிறகு நினைவு வந்து இழுத்துக்கொள்வார்கள். அந்த இழுத்துக்கொள்வது இருக்கிறதே, அதுதான் பசியைவிடக் கொடுமை.

இப்போது உன் ஒரு வரிக்கு வருகிறேன். எழுத மாட்டேன்.

உன் சிப்ஸைத் தின்றுவிட்டு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கையில் ஊசியோடு கிடந்தேன். முதல் நாள் நீ வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாய். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? “என் கையால ஒரு துளி கோதுமை படலைக்கா, சத்தியம்.” எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்கவில்லை. உன் சிப்ஸுக்கு நீ வக்கீலாக வந்து நின்றாய். அன்றைக்கு மூடியது கதவு.

நான் பொய் எழுதி ஒரு தாளும் கொடுத்தது கிடையாது. முதலாளியின் மகன் கொண்டுவந்த வெங்காய வளையத்துக்கே மூன்று மதிப்பெண் போட்டவள். என் பேச்சை நம்பி இன்னொருத்தி வாங்கித் தின்று, அவளும் என்னைப் போல ஆஸ்பத்திரியில் கிடந்தால் நீயா போய்ப் பார்ப்பாய்?

உன் பெண்டாட்டியிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறாய். உண்மையைச் சொல். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள் என்று சொல். அவள் ஏற்கெனவே தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள், புதிதாக ஒன்றும் கெட்டுவிடாது.

உன் அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்ச உனக்குச் சொல்லித்தர வேண்டாம். படித்தேன். ஆலையின் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்தவன் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

கால்மாட்டில் நின்றது நிஜம். அப்படிச் சொன்னதும் நிஜம். நீ வாந்தி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அக்கா. நான்தான் உன்னைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்படியில்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது, யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். உன் காதில் விழுந்ததால் அது உனக்குச் சொன்னதாக ஆகிவிட்டது.

பொய் எழுதச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இந்த இரண்டு வருஷமாகப் புரியாத ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டாணி மாவு நம் தொழிற்சாலைக்குள் வந்தது தனி வண்டியில். எண்ணெய்க் கொப்பரை புதிது. இயந்திரம் புதிது. மசாலாத் தூளை நானே அரைத்தேன். அன்றைக்குப் பொரித்த அதே சிப்ஸில் ஒரு பிடியை லேபுக்கு அனுப்பினேன், சுத்தம் என்று வந்தது. பிறகு உன் வயிற்றுக்குள் கோதுமை எப்படிப் போனது? அந்தரத்திலிருந்தா?

நீ எங்களுக்கெல்லாம் ருசி பார்க்கச் சொல்லிக்கொடுத்தபோது ஒன்று சொல்வாய். வாய்க்குள் என்ன நடந்தது என்று நொடிக்கு நொடி எழுது, தப்பு எங்கேயிருக்கிறது என்று தாளே சொல்லிவிடும் என்பாய். அதையே உன்னிடம் கேட்கிறேன். அன்றைக்குக் காலையில் எழுந்ததிலிருந்து ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும் வரை ஒன்று விடாமல் எழுது. டீயா காப்பியா, வழியில் எதையாவது தொட்டாயா, யாராவது ஏதாவது கொடுத்தார்களா, எல்லாம்.

கெடு மே முப்பத்தொன்று. கடிதம் வந்துசேரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கிடைத்த அன்றைக்கே எழுதினால் நேரம் இருக்கிறது. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

தம்பி


மே 21

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பதின்மூன்று நாள் ஆகிறது. இது கெடுவுக்குள் உன் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும். நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தேன். அந்த நாளை மறுபடி நினைக்கவே எனக்குக் குமட்டுகிறது. அதோடு, எழுதினாலும் உனக்கு உதவுகிற மாதிரி இதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்டாய், எழுதிவிடுகிறேன்.

காலையில் வழக்கம்போல் அரிசிக் கஞ்சி, உப்பு மட்டும். பல் துலக்கியது ஆறு மணிக்கு. டீ காப்பி இல்லை, ருசி பார்க்கப் போகும் நாளில் நான் குடிக்க மாட்டேன் என்று உனக்கே தெரியும். பவுடர் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. யாரும் எதுவும் கொடுக்கவில்லை, நானும் எதையும் வாயில் வைக்கவில்லை.

பத்து மணிக்கு உள்ளே போனேன். கோதுமை ஆகாது என்று தெரிந்து வேலையை விட்டு இரண்டு வருஷம் கழித்து அந்த ருசி அறைக்குள் நுழைகிறேன். அதே தடுப்பு, அதே சிவப்பு பல்பு, தட்டைத் தள்ளும் அதே சின்னக் கதவு. நாற்காலியில் உட்கார்ந்ததும், இத்தனை நாள் பிறத்தியார் வீட்டில் இருந்துவிட்டு என் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன். அழுதால் மூக்கடைத்து வாசனை தெரியாது என்று உடனே நிறுத்திக்கொண்டேன். மேசையில் எல்லாம் எனக்குப் பிடித்தபடி வைத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், நாலாக மடித்த துணி, இடது கைப்பக்கம் நாக்குத் துடைக்கும் பிஸ்கட் இரண்டு, கூராகச் சீவிய பென்சில். யாரோ பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

முதல் தட்டு: உப்பு தூக்கல், பட்டாணி வாசனை மேலே நிற்கிறது, பத்துக்கு ஐந்து மதிப்பெண். தண்ணீர், பிஸ்கட், இரண்டு நிமிஷம். இரண்டாம் தட்டு: கிழங்கு வழுவழுப்பு போகவில்லை, பின்ருசி கசப்பு, நாலு. தண்ணீர், பிஸ்கட், இரண்டு நிமிஷம்.

மூன்றாம் தட்டு. இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்தேன். முதல் கடி ஓசை சுத்தம். பிறகு கிழங்கின் இனிப்பு மெதுவாக வருகிறது, அது போகிறது என்று நினைக்கும்போது புகைபோட்ட மிளகாய் நாக்கின் ஓரத்தில் ஏறுகிறது. எண்ணெய் இருக்கிற இடம் தெரியவில்லை. விழுங்கிய பிறகும் கை அடுத்ததற்குத் தானாகப் போனது. ஒன்பது போட்டேன், தம்பி. இருபத்திரண்டு வருஷத்தில் நான் யாருக்கும் ஒன்பது போட்டது கிடையாது. மேலே ஒரு வரியும் எழுதினேன்: ‘இதைச் செய்தவர் என் தம்பி என்பதால் அல்ல.’ மேலாளர் உன்னிடம் கடைசி வரியை மட்டும் காட்டியிருப்பார்.

தட்டு முழுவதையும் தின்றேன். மிச்சமிருந்த பிஸ்கட் துண்டையும் தண்ணீரையும் முடித்துக்கொண்டு பதினொன்றரைக்கு எழுந்தேன். ஒரு மணிக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. இரண்டு மணிக்குத் தொழிற்சாலை வாசலிலேயே ஆஸ்பத்திரி வண்டி. அந்த வண்டிக்குள் ஏறுவதற்கு முன்பு தாளை வாங்கிக் கடைசி வரியை எழுதினேன். அதுதான் என் வேலை.

இவ்வளவுதான். இதில் தப்பு எங்கேயிருக்கிறது? நான் பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். உன் சிப்ஸைத் தவிர நான் எதையும் சாப்பிடவில்லை.

உன் அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

பிஸ்கட், அக்கா.

நாக்குத் துடைக்கும் பிஸ்கட். கோதுமை மாவு, தண்ணீர், வேறொன்றும் கிடையாது. உப்பும் இனிப்பும் இல்லாத அந்த வெறும் பிஸ்கட்டைத்தான் நீ இருபத்திரண்டு வருஷம் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் கடித்தாய். நாம் யாரும் அதைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. கையைக் கழுவுகிற தண்ணீரைக் குடித்த கணக்கில் யார் சேர்ப்பார்கள்? உன் கடிதத்தில் அந்த வார்த்தையை மூன்று நாலு தடவை எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு, சிப்ஸைத் தவிர எதையும் சாப்பிடவில்லை என்று முடித்திருக்கிறாய்.

உன்னைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. அதை அங்கே வைத்தது நான். ருசி அறையில் தட்டு வைக்கிற அம்மா அன்றைக்கு வரவில்லை. சிப்ஸ் செய்தவன் அந்த அறைக்குள் போகக் கூடாது என்பது சட்டம். ஆனாலும், என் அக்கா இரண்டு வருஷம் கழித்து வருகிறாள், எல்லாம் அவளுக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும் என்று காலை ஏழு மணிக்குத் திருட்டுத்தனமாக உள்ளே போய் வைத்தேன். தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றி மூடினேன். துணியை நாலாக மடித்தேன். இடது பக்கம் இரண்டு பிஸ்கட், நீ சொல்லிக்கொடுத்தபடி. ஒன்றரை வருஷம் கோதுமையைப் பக்கத்தில் விடாமல் பார்த்துக்கொண்டவன், கடைசி நாளில் என் கையாலேயே எடுத்து உன் இடது பக்கத்தில் வைத்தேன். கட்டில் கால்மாட்டில் நின்று சத்தியம் வேறு பண்ணினேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பழியை அந்த சிப்ஸ் சுமந்தது.

உன் கடிதத்தைப் படித்ததும் ஆலை போனிலிருந்து மேலாளருக்கு அடித்தேன். இயந்திரத்தை முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அறுத்து ஏற்றிவிட்டார்களாம். முந்தாநாள். நான் பிஸ்கட் கதையைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, “இதைப் போன மாசம் சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

பதின்மூன்று நாள், அக்கா. கிழித்த நாலில் ஒன்றையாவது போட்டிருக்கலாம். எழுதக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன், எழுதாவிட்டால் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து அழுகிவிடும்.

ஒன்பது போட்டாயா, நிஜமாகவே?

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். உள்ளே வந்து உட்கார்ந்து மறுபடி படித்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய், எதற்குப் போனோம் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் கோதுமை மாவு இருந்த டப்பாவைக்கூட வைத்துக்கொள்ளாமல் தூக்கி எறிந்தவள் நான். கடையில் ஒரு மிட்டாய் வாங்கினாலும் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தை வாசித்துவிட்டுத்தான் பிரிப்பேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் வியாதிக்காரி போய்விட்டாள், பழைய ஆள் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் கையை நீட்டினாள், கடித்தாள், துடைத்துக்கொண்டாள். எனக்குச் சொல்லவேயில்லை. இப்போதுகூட யோசித்துப் பார்க்கிறேன், அந்தப் பிஸ்கட் என் வாயில் போன நினைவே எனக்கு இல்லை. எழுதியிருக்கிறேனே தவிர, நினைவில்லை. அது எப்போதும் நடப்பது, அதனால் எழுதினேன்.

ஊரிலிருக்கிற நாக்கையெல்லாம் பழக்கியவளுக்குத் தன் வாயில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இதைவிட ஒரு அவமானம் எனக்கு வேண்டியதில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனேன். இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தெரியும், இருந்தாலும் போனேன். மேலாளர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். படித்தார். “முதலாளி இப்ப புதுசா கோழி மசாலா உருளைக்கிழங்குல காசு போட்டுட்டாருக்கா. இந்தப் பேப்பர் இனி யாருக்கும் வேண்டாம்” என்றார். எனக்கு வேண்டும் என்றேன். என் பழைய தாளோடு சேர்த்துக் குத்தி, என் கண்ணெதிரில் அலமாரியில் வைத்தார். மரியாதையாகத்தான் வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றேன். இயந்திரம் நின்ற இடத்தில் நாலு போல்ட் மட்டும் தரையில் துருத்திக்கொண்டிருக்கிறது. யாரும் தடுக்கி விழக்கூடாது என்று மேலே ஒரு பழைய டயரைப் போட்டிருக்கிறார்கள்.

உன் பெண்டாட்டி பாக்கெட் மேசையில் நின்றுகொண்டிருந்தாள். நேரே போனேன். “என் தப்புதான்மா. நான்தான் தாமதம் பண்ணிட்டேன்” என்றேன். அவள் கையுறையைக் கழற்றவில்லை, பாக்கெட்டை எடைபோட்டுக்கொண்டே இருந்தாள். “அவரு வர்றாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க அண்ணி” என்றாள். அவள் அடுத்த பாக்கெட்டை எடுத்தாள்.

நிஜமாகவே ஒன்பது. கெடு தெரிந்தும் தாமதம் பண்ணினேன், அதற்கு நான் மன்னிப்புக் கேட்டால் அது மலிவாகப் போய்விடும், கேட்கவில்லை. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். பேசுவதற்குத்தான் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

உன் அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருஷம். வீட்டுக்காரியிடம் போனில் சொன்னபோது அவள் சரி என்றாள். அந்தச் ‘சரி’யை நான் வாழ்க்கையில் மறக்க முடியாது. பிறகு அரிசி என்ன விலை விற்கிறது என்று பேசினோம்.

உன் நம்பருக்கு இரண்டு தடவை அடிக்கப் போய் வைத்துவிட்டேன். நீ ‘என்னடா’ என்று கேட்டால் நான் அழுதுவிடுவேன். எழுதுவதே தேவலை.

இந்தக் கடிதத்தோடு ஒரு டப்பா வரும். போன ஞாயிற்றுக்கிழமை சேப்பங்கிழங்கு கிடைத்தது. இயந்திரம் இல்லாமல் பிசைந்த மாவைக் கட்டையால் தேய்த்தேன், கண்ணாடி மாதிரி வருகிறவரை தேய்க்க வேண்டும், பாதிக்கு மேல் கிழிந்துபோயிற்று. மசாலாவும் அதே கணக்குதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து இருபத்தெட்டு தேறியது. தகர டப்பாவில் காற்றுப் போகாமல் அடைத்திருக்கிறேன். அதுதான் மூன்றாம் தட்டு. அதைவிடக் கொஞ்சம் நன்றாகக்கூட இருக்கலாம்.

ஆனால் கேள். நான் இருப்பது ஆலைக் குடியிருப்பு. கீழே மாவுக் கிடங்கு. பத்துப் பேருக்கு ஒரு சமையலறை. பாத்திரம் புதிது, எண்ணெய் புதிது, தரையை மூன்று தடவை கழுவினேன், தலைக்குக் குளித்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். ஆனாலும் விரலால் ஜன்னல் கட்டையைத் தடவிப் பார்த்தேன், வெள்ளையாக வந்தது. இங்கே காற்றே மாவு.

சத்தியம் பண்ண மாட்டேன். ஒரு தடவை பண்ணியது போதும்.

செய்யாமல் இருக்க முடியவில்லை. அனுப்பாமலும் இருக்க முடியவில்லை. நீ தின்னாதே.

வலி எப்படி இருக்கிறது? எடை ஏறியதா?

தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

டப்பா வந்தது. எடை ஏறவில்லை. வலி வருகிறது, போகிறது. நீ கேட்டாயே, அது போதும்.

டாக்டரிடம் கேட்டேன். ஒன்றே ஒன்று, ஓரத்தில் கடித்துத் துப்பிவிடுகிறேன் என்றேன். அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு உங்கள் குடல் இன்னும் தேறவேயில்லை, இன்னொரு தடவையானால் என்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். நல்ல மனுஷன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல இரண்டு தடவை சொன்னார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பல் துலக்கிவிட்டு டீ குடிக்காமல் உட்கார்ந்தேன். கையுறை போட்டுக்கொண்டேன், பல் ஆஸ்பத்திரியில் அதற்குப் பஞ்சமில்லை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு டப்பாவைத் திறந்தேன். ஒரு கோடு போட்ட தாளில் நம் பழைய ருசித் தாள் மாதிரியே கட்டம் வரைந்தேன். உனக்கு வேண்டியிருக்கும் என்று எழுதுகிறேன்.

தோற்றம்: ஓரம் சமமில்லை, கை வேலை என்று தெரிகிறது, மதிப்பெண் குறைக்கவில்லை. குமிழ் சின்னதாக, நிறைய இருக்கிறது, மாவைச் சரியான சூட்டில் தேய்த்திருக்கிறாய். எண்ணெய்: துணியில் ஒற்றிப் பார்த்தேன், கறை எட்டணாக் காசு அகலம்கூட இல்லை. ஓசை: காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தேன். ஒரே ஓசை, நடுவில் இழுக்கவில்லை. பதினைந்து நாள் கப்பலிலும் லாரியிலும் வந்த சிப்ஸ் அப்படி ஒடிவது பெரிய விஷயம். வாசனைக்குத் துணியை ஒரு நொடி விலக்கினேன். அந்த ஒரு நொடிக்கே டாக்டர் என்னைத் திட்டுவார். புகை மிளகாய் முதலில் வந்தது. அதற்குக் கீழே கிழங்கு இருந்தது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடியும்.

மீதிக்குத் தையல்காரியைக் கூப்பிட்டேன். துணியை மடியில் போட்டுக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தாள். தண்ணீர் வைத்தேன். அவசரப்படாமல் கடி, முதலில் என்ன வருகிறது, பிறகு என்ன வருகிறது, விழுங்கிய பிறகு நாக்கில் எங்கே நிற்கிறது என்று சொல் என்றேன். அவள் கடித்தாள். எனக்கு அந்த ஓசை கேட்டது. வாயில் எச்சில் ஊறியதை முழுங்கினேன்.

என்ன என்றேன்.

“நல்லாயிருக்குக்கா” என்றாள்.

இன்னொன்று கொடுத்தேன். இனிப்பு வருகிறதா, உடனே வருகிறதா, கொஞ்சம் கழித்தா என்றேன். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். காரம் எங்கே ஏறுகிறது, நாக்கின் ஓரத்திலா, தொண்டையிலா என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “சிப்ஸ்தானேக்கா. நல்லாயிருக்கு, வேற என்ன சொல்லச் சொல்றீங்க?” என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மிச்சத்தையெல்லாம் அவளிடமே கொடுத்தனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நடுநடுவே நிற்கும், அப்போது அவள் ஒன்று எடுக்கிறாள் என்று தெரியும். எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழுக்கு மேல் எண்ணவில்லை.

ருசி அறையில் பழக வந்த பெண்கள் தாளில் ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதிக் கொண்டுவந்தால் அப்படியே கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன். அது ஒரு பேச்சா, போய் மறுபடி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வா என்று விரட்டுவேன். எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள்.

இந்தத் தாளில் ருசி என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. சாயங்காலம் வரை அப்படியே வைத்திருந்தேன். பிறகு ‘நன்றாக இருக்கிறதாம்’ என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். இதோடு வைத்திருக்கிறேன்.

உன் அக்கா